பீலிக்கரை கேள்வி பதில்: சீக்கியச் சம்பந்தியும் நம் லயத்துப் பீலியும்

போன இதழில் நோர்வூட் வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கிப் போட்டு, பதில் அடுத்த இதழில் வரும் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு அதே விஷயமாக இன்னும் சிலர் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க இதுதான். காய்ச்சல், பரீட்சை, மாமியார் சண்டை பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அன்புள்ள டீச்சர், என் தங்கச்சி கனடாவில் பிரம்ப்டனில் தாதியாக வேலை செய்கிறாள். அங்கே ஒரு பஞ்சாபி சீக்கியரைக் கல்யாணம் முடித்தாள். வருகிற மார்ச்சில் புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு எங்கள் தோட்டத்துக்கு வருகிறாள். மார்ச் 14ஆம் திகதி அவர்களுக்குச் சுற்றாடல் தினமாம். வருஷா வருஷம் குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்வார்களாம். இந்த முறை எங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்படுகிறார். எங்களுக்கு இருப்பது லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவும் வாசலில் ஒரு துண்டு இடமும்தான். ஒரு மரம் நடக்கூட சொந்த நிலம் இல்லை. என்ன செய்யலாம்?
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, நோர்வூட்*

பதில்: தங்கச்சி, முதலில் அது என்ன நாள் என்று சொல்லிவிடுகிறேன். மார்ச் 14 சீக்கியர்களின் நானக்‌ஷாஹி நாட்காட்டியில் வருஷப்பிறப்பு. ஏழாவது குருவான ஹர் ராய் பொறுப்பேற்றதையும் அன்றைக்குத்தான் நினைவுகூருகிறார்கள். அவர் 1630இல் பிறந்து 1661இல் மறைந்தவர். பஞ்சாபில் கீரத்பூரில் வாழ்ந்தார். சின்னப் பிள்ளையாகப் பூந்தோட்டத்தில் நடந்துபோனபோது அவருடைய நீண்ட அங்கி செடியில் மாட்டிப் பூக்கள் முறிந்து விழுந்தன. பிள்ளை அழுதது. தாத்தா குரு ஹர்கோபிந்த், பெரிய அங்கி போட்டால் அதைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பிள்ளை வளர்ந்து, கீரத்பூரில் மூலிகைத் தோட்டம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார். முகலாய அரசர் ஷாஜகானின் மகன் தாரா ஷிகோ நோயில் விழுந்தபோது கடுக்காயும் கராம்பும் அங்கிருந்துதான் போயின என்று சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். 2009இல் தொடங்கிய ஈக்கோசிக் என்ற அமைப்பு இந்தக் குருவின் நாளைச் சுற்றாடல் தினமாக எடுத்துக்கொண்டு பல நாடுகளில் பரப்பியது.

அங்கிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. யாருடைய அங்கி எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காம்பராவில் ஒரு பல்பும் ஒரு அடுப்பும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களின் அங்கி சின்னது. கார், ஹீட்டர், விமானப் பயணம் என்று வாழ்கிறவர்களின் அங்கி நீளமானது. கொழும்பிலிருந்து வந்து நம் ஆட்களை நிற்கவைத்து வகுப்பெடுக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. உங்கள் சம்பந்தியம்மா அப்படி வரவில்லை, கூடச் சேர்ந்து செய்ய வருகிறார். அதனால்தான் இவ்வளவு ஆசையாக உங்களுக்கு எழுதுகிறேன்.

சரி, நிலம் இல்லை என்றீர்கள். லயத்துக்கே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலி இருக்கிறது அல்லவா? அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சீக்கியர்களின் சேவை என்பது சொந்த வீட்டு முற்றத்தைக் கூட்டுவதல்ல. பொதுவான ஒன்றை, யார் பெயரிலும் இல்லாத ஒன்றை, எல்லோரும் கைபோட்டுச் செய்வது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் திருக்குளத்தில் சேறு சேர்ந்தபோது 1923இலும் 1973இலும் 2004இலும் ஜனங்களே இறங்கி, தட்டில் அள்ளித் தலையில் சுமந்து கரை சேர்த்தார்கள். அதற்குக் கார் சேவா என்று பெயர். படித்தவர், படிக்காதவர், கிழவி, குழந்தை என்று பார்க்கவில்லை.

சீக்கியர்கள் காலையில் சொல்லும் ஜப்ஜி என்ற பிரார்த்தனை முடியும் இடத்தில் அவர்களின் முதல் குருவான குரு நானக்கின் வரி ஒன்று வருகிறது. ‘பவண் குரு, பாணி பிதா, மாதா தரத் மஹத்.’ காற்று குரு, தண்ணீர் தகப்பன், பூமி மகா தாய் என்கிறார். அடுத்த வரியில், பகலும் இரவும் இரண்டு தாதிகள், அவர்கள் மடியில் உலகம் முழுதும் விளையாடுகிறது என்கிறார். அந்த அம்மாவைப் பீலிக்கரையில் நின்று இதைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் தங்கச்சி தமிழில் சொல்லட்டும். அதற்குப் பிறகு வேலை.

முதலில் பீலிக்கு மேலே ஏறி ஊற்றுக்கண் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட், சவர்க்கார உறை, அறுந்த செருப்பு, பேம்பர்ஸ், கால் போத்தல் எல்லாம் பன்னைச் செடிகளுக்குள் சிக்கிக் கிடக்கும். சின்ன ஷாம்பு பாக்கெட்டுகளைச் சட்டம் 2021இலேயே தடுத்துவிட்டது, ஆனாலும் வடிகானுக்குள் கைவிட்டால் பழையது வந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடியைப் பெரியவர்கள் கையுறை போட்டு எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொலித்தீன் மட்டும். இன்னொன்று, ஊற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று அங்கே இருக்கிற பன்னையையும் பாசியையும் மம்பட்டியால் வழித்து மொட்டையடித்துவிடாதீர்கள். நான் பார்த்த சிரமதானங்களில் பாதியில் அதுதான் நடந்தது. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்த வெயிலுக்கு ஊற்று மெலிந்துவிட்டது. அந்த வேர்கள்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் பீலிக்குக் கீழே. துவைக்கிற கல்லிலிருந்து நுரைத்தண்ணீர் எங்கே போகிறது? கானில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கிருந்து கீழே போய் மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. அம்பத்தளையில் அதை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. கனடாப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் இதைக் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்கும்தான், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தண்ணீருக்கு இரண்டு குழி போதும். முதல் குழி சின்னது, நுரையும் தலைமுடியும் அழுக்கும் தங்குவதற்கு. அதை வாரம் ஒருமுறை வாரி எடுக்க வேண்டும். அதிலிருந்து வழியும் தண்ணீர் இரண்டாவது குழிக்குப் போக வேண்டும். அதில் அடியில் பெரிய கல், மேலே சல்லி, அதற்கு மேல் மணல். ஓரத்தில் கல்வாழையும் சேம்பும் ஊன்றுங்கள். இவை இரண்டும் அந்தத் தண்ணீரில் செழிப்பாக வரும். அங்கே வல்லாரை மட்டும் வைக்காதீர்கள், சவர்க்காரத் தண்ணீரில் வளர்ந்த கீரையைப் பிள்ளைக்குச் சம்பல் போட்டுக் கொடுக்க முடியாது. குழி வெட்டும் இடமும் முக்கியம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற எதையும் லயத்துக்கு மேல்பக்கச் சரிவிலோ, மண்மேட்டு ஓரத்திலோ வெட்டக்கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. மலையில் தண்ணீரின் வழியைத் தொடும்போது யோசித்துத்தான் தொட வேண்டும். குழி லயத்துக்குக் கீழ்ப்பக்கம், சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செடி நடாமல் அந்த நாள் முடிந்தால் சம்பந்தியம்மாவுக்கு மனசு கேட்காது. குரு ஹர் ராயின் தோட்டம் மூலிகைத் தோட்டம் என்பதால் உங்கள் வாசலே போதும். கற்பூரவள்ளி, துளசி, ஆடாதோடை, இஞ்சி. பழைய பெயின்ட் வாளியிலும் உரப்பையிலும் வரும். மரம் என்றால் பட்டர்புரூட்டும் பேரியும் நம் குளிருக்கு வரும், பழம் தருகிற மரத்தைப் பிள்ளைகளே காவல் காப்பார்கள். ஊற்றுப் பக்கம் யூகலிப்டஸ் மட்டும் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். ஆனால் மார்ச் நடுவில் நோர்வூட் பக்கம் மண் காய்ந்து கிடக்கும். அன்றைக்கு நிலத்தில் நட்டு, படம் எடுத்துவிட்டு, தங்கச்சி பிளேன் ஏறியதும் கன்று செத்துப்போவதில் என்ன இருக்கிறது? மார்ச் 14இல் விதையைப் பையில் போடுங்கள். காம்பரா வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்த பிறகு நிலத்துக்கு மாற்றுங்கள். அன்றைக்குத் தங்கச்சியின் பிள்ளைகளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் காட்டுங்கள். பதுளைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. உங்களுக்கு ஒக்டோபர், நவம்பர் மழைதான் நடுகைக்காலம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு லயத்தில் எல்லோருக்கும் லங்கர் போடுங்கள், அதாவது சீக்கியர்கள் யார் வந்தாலும் சும்மா போடுகிற பொதுச் சாப்பாடு. ரொட்டியும் பருப்பும் சீக்கியர்களின் அன்றாடச் சாப்பாடு, நமக்கும் அதுதானே. அவர்கள் ரொட்டி மெல்லியது, நம்முடையது மொத்தம், அவ்வளவுதான். மரக்கறிச் சாப்பாடாகவே இருக்கட்டும், லங்கர் எப்போதும் அப்படித்தான். லஞ்ச் ஷீட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வீடு எவர்சில்வர் தட்டு எடுத்து வரட்டும்.

காசி யாத்திரைக் குழுவோடு போனபோது அமிர்தசரஸ் லங்கரில் சாப்பிட்டேன். ஒரு நாளில் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிற இடம். எல்லோரும் தரையில் ஒரே வரிசையில். என்னை அசையாமல் நிற்கவைத்தது தட்டுக் கழுவுகிற இடம். தட்டு மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒரு கூட்டம் மிச்சத்தைத் தட்டி எடுக்கிறது. அடுத்தது நீளமான தொட்டிகள், இரண்டு பக்கமும் ஆட்கள், ஒரு தொட்டியில் கழுவியது அடுத்த தொட்டிக்குப் போகிறது. தங்க வளையல் போட்ட ஒரு அம்மா முழங்கைவரை நனைந்து நிற்கிறார். பக்கத்தில் அவருடைய பேரன் போலத் தெரிந்த ஒரு பையன், தொட்டி எட்டாமல் கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று கழுவுகிறான். அங்கே ஒரு பேப்பர் தட்டைக்கூட நான் பார்க்கவில்லை. உங்கள் லயத்தில் சாப்பிட்டு முடிந்ததும் ஆண்களையும் தட்டுக் கழுவ உட்கார வையுங்கள். உங்கள் கொழுந்தனும் மச்சானும் முணுமுணுப்பார்கள். கனடா மாப்பிள்ளை எழுந்து முதல் ஆளாகப் போய் உட்காருவார், பாருங்கள். இந்த விஷயத்தில் சீக்கிய ஆண்களிடம் நம் ஆண்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கேள்வி: இப்படியெல்லாம் சேர்ந்து செய்தால் நம்மை அவர்கள் மதத்துக்கு இழுக்கமாட்டார்களா?
*ஒரு தாய், கொட்டகலை*

பதில்: இல்லை அம்மா. அவர்கள் பிரார்த்தனை ‘சர்பத் தா பலா’ என்று முடியும். எல்லோருக்கும் நன்மை என்று பொருள். அந்த எல்லோரில் நீங்களும் நானும் இருக்கிறோம். பிரார்த்தனை நேரத்தில் தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் போதும். வெள்ளிக்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போவதை யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தோட்டத்தில் குப்பை எடுக்க யாரும் வருவதில்லை. பிரதேச சபையைக் கேட்டால் அது தோட்டக் காணி என்கிறார்கள். நிர்வாகத்தைக் கேட்டால் சபையைக் கேள் என்கிறார்கள். பருவகாலத்தில் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களின் தண்ணீர்ப் போத்தல் வேறு. பாட்டன் காலத்திலிருந்து மலையைக் காத்தது நாங்கள், லாபம் எடுத்தது வேறு ஆட்கள். இப்போது குப்பை பொறுக்குவதும் நாங்கள்தானா?
*ஒரு தொழிலாளியின் மகன், மஸ்கெலியா*

பதில்: தம்பி, கோபிக்க என்ன இருக்கிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யப் பழைய சட்டமே தடையாக இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதாவது ‘அது தோட்டக் காணி’ என்ற பதில் இப்போது செல்லாது. அடுத்த முறை போகும்போது அதைச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததன் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

இந்தக் கேள்விக்குப் பஞ்சாபிலேயே ஒரு பதில் இருக்கிறது. அங்கே காளி பேய்ன் என்று ஒரு ஆறு, 160 கிலோமீற்றர் நீளம். சுல்தான்பூர் லோதியில் அந்த ஆற்றில்தான் குரு நானக் குளிக்க இறங்கி, மூன்றாம் நாள் ஞானத்தோடு வெளியே வந்தார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அப்படிப்பட்ட ஆறு, ஊர்களின் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் நிறைந்து நாறிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினார். கையால் களை பிடுங்கினார்கள், சேறு வாரினார்கள், கரை கட்டினார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், பெண்கள் அங்கேயே சமைத்துப் போட்டார்கள். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சாக்கடை ஆற்றில் விழுவதை நிறுத்து என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கழிவுநீரைக் குழிகளில் தெளியவைத்து, குளத்தில் சேர்த்து, வயலுக்குப் பாய்ச்சுகிற முறையை ஊர் ஊராகச் செய்து காட்டினார். நோர்வூட் தங்கச்சிக்கு நான் சொன்ன இரண்டு குழி அந்த வழியில் வந்ததுதான். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022இல் ராஜ்ய சபை உறுப்பினரானார், அங்கேயும் தண்ணீர்ப் பேச்சுத்தான்.

கவனித்தீர்களா தம்பி? அந்த ஆறு அவருடையது இல்லை. அதை அழுக்காக்கியதும் அவர் இல்லை. இருந்தும் இறங்கினார். இறங்கி, சேற்றுக் கையோடு போய்க் கேட்டதால்தான் அவர் பேச்சுக்கு எடை வந்தது. சேவையும் கேள்வி கேட்பதும் அவருக்கு ஒரே வேலை.

ஆனால் சேவை என்பது கூலி கொடுக்காமல் வாங்குகிற வேலை அல்ல. யாராவது வந்து ‘சேவை செய்யுங்கள்’ என்று உங்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டுத் தாங்கள் குடை பிடித்து நின்றால், அது வேறு. மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். பொற்கோயிலில் செருப்புத் துடைக்கிற இடத்தில் பணக்காரரும் உட்காருகிறார், அதனால்தான் அதற்குச் சேவை என்று பெயர். உங்கள் சிரமதானத்துக்குத் தோட்டத் துரையையும் கூப்பிடுங்கள், சபைத் தலைவரையும் கூப்பிடுங்கள், கையில் சாக்கைக் கொடுங்கள். வராதவர் யார் என்று ஊருக்குத் தெரியட்டும். பொறுக்கியதை அங்கேயே எரிக்காதீர்கள், பொலித்தீன் புகை முதலில் போவது பக்கத்துக் காம்பராக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான். சாக்குகளை எண்ணி, ரோட்டோரத்தில் அடுக்கி, படம் எடுத்து, அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

மலைக்குப் போகிறவர்களின் போத்தலுக்கு வருகிறேன். மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடை வைத்திருக்கிற நம் ஆட்களோடு பேசிப் பாருங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஒரு குழாய் வைத்து, லங்கர் போலச் சும்மா கொடுத்துப் பாருங்கள். புண்ணியத்துக்கு வருகிற ஜனம், சொன்னால் கேட்கும்.

கேள்வி: நாங்கள் லீக்ஸ், கோவா, கரட் போடுகிற குடும்பம். பஞ்சாப் விவசாயம் பெரிய விவசாயம் என்கிறார்களே. அவர்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?
*ஒரு விவசாயி, கந்தப்பளை*

பதில்: இருக்கிறது ஐயா, நல்லதும் இருக்கிறது, வலிக்கிறதும் இருக்கிறது. பசுமைப் புரட்சியில் பஞ்சாப் கோதுமையும் நெல்லும் போட்டு இந்தியாவின் வயிற்றை நிரப்பியது. நெல்லுக்காக ஆழ்கிணறு தோண்டித் தோண்டி நிலத்தடித் தண்ணீர் கீழே கீழே போய்விட்டது. அதைத் தடுக்க 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள், கோடை வெயிலில் நாற்று நடக்கூடாது, மழை நெருங்கும்போதுதான் நட வேண்டும் என்று. நல்ல சட்டம். ஆனால் நடுகை தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். நெல் அறுத்து அடுத்த கோதுமை விதைக்க நாள் கிடைக்காமல், வைக்கோல் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. ஒரு பக்கம் கட்டிய கயிறு இன்னொரு பக்கம் இறுக்குகிறது.

இதில் விவசாயியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. 2021இல் ஒரே இரவில் உரத்தை நிறுத்தியபோது நாம் பட்டதை மறக்க முடியுமா? மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பழையதை நிறுத்தச் சொல்ல வேண்டும். பஞ்சாபில் அப்படி ஒரு மாற்றாக வந்தது ஹேப்பி சீடர் என்ற இயந்திரம். தாளைக் கொளுத்தாமல், அதை வெட்டி நிலத்திலேயே போர்த்திவிட்டு, ஊடே கோதுமையை விதைக்கிறது.

உங்கள் தோட்டத்தில் மிஞ்சுகிற கோவா இலையையும் லீக்ஸ் தோகையையும் கொளுத்தாமல், கானில் தள்ளாமல், மாட்டுச் சாணத்தோடு அடுக்கிக் கூட்டெரு போடுங்கள். மருந்துப் போத்தலை ஓடையில் கழுவுவதை நிறுத்துங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அதே தெளிப்பான் தாங்கியில் ஊற்றி அதே பாத்தியில் அடித்துவிடுங்கள். போத்தலில் ஓட்டை போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதில் மண்ணெண்ணெய் வாங்கப் போவார்கள். மருந்து அடிக்கிற அன்றைக்குப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். குடும்பமாகச் செய்கிற வேலை கூட்டெரு.

கேள்வி: குரு நானக் இலங்கைக்கு வந்தாரா டீச்சர்? அப்புறம், சின்னப் பிள்ளைகள் தனியாகச் செய்யக்கூடிய ஒரு சுற்றாடல் வேலை சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்கு வேண்டும்.
*தரம் 9 மாணவி, தலவாக்கலை*

பதில்: வந்தார் என்று ஜனம்சாகி என்கிற அவருடைய பழைய வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன மகள். சிவநாபன் என்ற அரசனைச் சந்தித்ததாக அதில் வருகிறது. மட்டக்களப்புப் பக்கம் வந்தார் என்று நம்புகிற சீக்கியர்களும் இருக்கிறார்கள்.

வேலைக்கு, பகத் பூரண் சிங் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். 1904இல் பிறந்து 1992இல் மறைந்தவர். அமிர்தசரஸில் பிங்கல்வாரா என்ற இல்லத்தைத் தொடங்கி, யாருமில்லாத நோயாளிகளைக் காப்பாற்றியவர். சின்ன வயதில் அவருடைய அம்மா அவருக்குப் பழக்கியது, பாதையில் கிடக்கிற கல், முள், ஆணியை எடுத்து ஓரமாகப் போடுவது. மாட்டுக்கும் பறவைக்கும் தண்ணீர் வைப்பது. பெரியவராகிப் புத்தகமும் துண்டுப்பிரசுரமும் அச்சடித்தபோது, ஒரு பக்கம் பாவித்த காகிதத்தின் மறுபக்கத்தில் அடித்தார். மரம் வெட்டாதே, மண்ணைக் காப்பாற்று என்று அந்தக் காகிதங்களில்தான் எழுதினார்.

உங்கள் வகுப்பு பழைய கொப்பிகளில் எழுதாத தாளைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, தரம் 3 பிள்ளைகளுக்கு வரைகிற கொப்பி செய்து கொடுக்கலாம். பாடசாலைக்கு நடந்து வருகிற குறுக்குப் பாதையில் ஆளுக்கு ஒரு வளைவைப் பொறுப்பெடுங்கள். கண்ணாடித் துண்டைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலில் மண்டபம் கட்டுகிறோம். முனியாண்டிக்குப் பக்கத்தில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. வெட்டினால் இடம் கிடைக்கும் என்று சிலர், வேண்டாம் என்று சிலர். சீக்கியர்களைப் பற்றி எழுதுகிறீர்களே, அவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்?
*கோயில் பரிபாலன சபை உறுப்பினர், பண்டாரவளை*

பதில்: அவர்கள் மரத்தின் பெயரையே கோயிலுக்கு வைத்துவிடுவார்கள். பேர் சாகிப் என்றால் இலந்தை மரத்துக் குருத்வாரா. டாலி சாகிப் என்றால் சீசம் மரத்துக் குருத்வாரா. அம்ப் சாகிப் என்றால் மாமரம். குரு வந்து உட்கார்ந்த மரம், குரு நட்ட மரம் என்று ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. பொற்கோயிலுக்குள்ளேயே சலவைக்கல் தளத்தின் நடுவே பழைய இலந்தை மரங்கள் நிற்கின்றன. துக் பஞ்சனி என்ற இலந்தை, துன்பம் தீர்ப்பது என்று நம்பி ஜனங்கள் அதன் பக்கம் குளத்தில் முழுகுகிறார்கள். இப்போது சில குருத்வாராக்களில் பிரசாதமாக மரக்கன்றே கொடுக்கிறார்கள். உங்கள் திருவிழாவுக்கும் அது நல்ல யோசனை.

நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து காட்டை வெட்டியபோது ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்து, அதன் அடியில் கல்லை நட்டு முனி என்றார்கள். பல தோட்டங்களில் கோயில் அப்படித்தான் தொடங்கியது. அந்த மரத்தை வெட்டிவிட்டு மண்டபம் யாருக்கு? வெட்ட வேண்டாம் என்கிறவர்கள் பக்கம்தான் நான். மண்டபத்தை மரத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள், அளவு குறைந்தால் குறையட்டும். அடிமரத்தைச் சுற்றி சீமெந்து மேடை கட்டாதீர்கள், வேருக்கு மூச்சு வேண்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் அடிமரத்திலிருந்து மூன்று நான்கு அடிக்கு உடைத்து, மண்ணைத் திறந்துவிடுங்கள். விளக்கேற்றுகிற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எண்ணெய் வேரில் வடிகிறது. கொத்தனாரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு சொன்னால் கேட்கமாட்டார்.